அளக்காமல் மூடிய பெட்டி

தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது மனிதனால் இயலுமா? தத்துவ வகுப்பில் இந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டபோது இது வெறும் சொல் விளையாட்டு என்றே எனக்குத் தோன்றியது. ஏமாற்றுகிறவனுக்கு உண்மை தெரியும், தெரிந்தே மறைக்கிறான். ஏமாறுகிறவனுக்கு அது தெரியாது, தெரியாததால்தான் ஏமாறுகிறான். இருவரும் ஒருவரே என்றால், ஒரே உண்மை ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டுமே, அது எப்படி? ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட், 1797இல் வெளியிட்ட தமது அறநெறி நூலில், மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பொய்யை மிகக் கடுமையாகக் கண்டிக்கிறார். அத்தகைய பொய்கள் உலகில் உண்டு என்று காட்டுவது எளிது, அவை எவ்வாறு சாத்தியமாகின்றன என்று விளக்குவதுதான் கடினம் என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

அந்த விளக்கம் எனக்குக் கிடைத்தது நூலகத்தில் அன்று. வடமாலபேட்டையில் ஒரு வீட்டின் மாட்டுக் கொட்டகையில், மண்ணெண்ணெய் வாசனைக்கு நடுவே. திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாகச் சென்னைக்கு வரும் சாலையில் உள்ள ஊர் அது. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்ளும் பகுதி. 2012ஆம் ஆண்டு தை மாதத்தில், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவரின் இல்லத்தில் மூன்று நாட்கள் தங்க நேர்ந்தது. மாலையில் அக்கம்பக்கத்து அன்பர்களுடன் சத்சங்கம். பகலில், கையோடு கொண்டு சென்றிருந்த ஒரு மொழிபெயர்ப்பின் அச்சுப்படியைத் திருத்தும் வேலை. ஆனால் அச்சுப்படி பையிலேயே கிடந்தது. நான் பகல் பொழுதைப் பெரும்பாலும் கொட்டகையில் கழித்தேன்.

ஏனெனில் ஆசிரியர் அங்கே தமது காரின் கியர் பெட்டியைக் கழற்றி, பாகம் பாகமாகப் பரப்பி வைத்திருந்தார்.

அது 1998ஆம் ஆண்டு மாருதி 800. மாடுகளை விற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்ததால் கொட்டகை காருக்கு வந்துவிட்டது. சில மாதங்களாக வண்டி ஓடும்போது கியர் பெட்டிக்குள்ளிருந்து ஊளையிடுவது போன்ற ஓசை எழுந்தது. அடியில் எண்ணெய் கசிந்தது. பேரிங்குகளும் ஆயில் சீல்களும் போய்விட்டன என்று ஆசிரியர் தாமே முடிவு செய்து, அவற்றைச் சென்னையிலிருந்து வரவழைத்துவிட்டு வேலையில் இறங்கினார். பட்டறையில் விட்டால் ஆகும் செலவு ஒரு காரணம். ஆசை மற்றொரு காரணம். நாற்பது ஆண்டுக்கால ஆசை அது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, ஓர் ஆங்கிலேய அதிகாரி ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கி, ஓட்டிப் பார்ப்பதோடு நில்லாமல் பிரித்துப் பிரித்துப் பூட்டியே இயந்திரக் கலையைக் கற்றார் என்ற வரலாறு தமிழ்நாட்டில் அனைவரும் அறிந்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழிலைத் தொடங்கியவர் அவர். இந்தக் கதையைச் சிறுவயதில் படித்ததிலிருந்து தாமும் ஒன்றைப் பிரித்துப் பூட்ட வேண்டும் என்று ஆசிரியருக்கு ஆசை. நாயுடுவின் கதையை நாம் பெரும்பாலும் பிரிக்கும் துணிச்சலுக்காகவே சொல்கிறோம். பிரிப்பதற்கு ஆர்வம் போதும் என்பதையும், பூட்டும்போதுதான் மனிதனுடைய குணம் கேள்விக்கு வருகிறது என்பதையும் அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இயந்திரத்தை மரச் சட்டத்தில் கயிறு கட்டித் தாங்கவைத்து, கியர் பெட்டியைப் பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் துணையோடு ஆசிரியர் ஏற்கெனவே இறக்கியிருந்தார். பழைய வேட்டி ஒன்றை விரித்து, கழற்றிய வரிசையிலேயே பாகங்களை இடமிருந்து வலமாக அடுக்கி, ஒவ்வொன்றின் அருகிலும் சாக்கட்டியால் எண் எழுதியிருந்தார். கரும்பலகைப் பழக்கம்! பேரிங்குகளை அழுத்திப் பொருத்தும் வேலை மட்டும் வீட்டில் ஆகாது. அதற்குப் புத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குத் தண்டுகளைக் கொண்டுபோய்த் திரும்பினார். மூன்றாம் நாள் பிற்பகலில் மிச்சமிருந்தது எல்லாவற்றையும் உள்ளே இறக்கி மூடுவதுதான். நான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வாகனம் ஓட்டாத வாசகர்களுக்காக அந்தப் பெட்டிக்குள் நடப்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும். பல்சக்கரங்கள் முன்னும் பின்னும் நகர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் இக்காலக் கார்களில் முன்செல்லும் கியர்களின் சக்கரங்கள் எல்லாம் எப்போதும் தம் இணைகளோடு கோத்தே சுழல்கின்றன. ஆனால் ஒவ்வொரு இணையிலும் ஒரு சக்கரம் தன் தண்டைப் பிடித்துக்கொள்ளாமல் அதன்மேல் தளர்வாகச் சுற்றுகிறது. நாம் கியர் மாற்றும்போது ஓர் உருளை நகர்ந்து, அவற்றுள் ஒரு சக்கரத்தை மட்டும் தண்டோடு பூட்டுகிறது. தண்டு ஒரு வேகத்தில் சுற்றுகிறது, சக்கரம் வேறொரு வேகத்தில் சுற்றுகிறது. அப்படியே பூட்ட முயன்றால் பற்கள் மோதிக் கரகரக்கும். இதைத் தவிர்க்க இரண்டுக்கும் நடுவே ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. சிங்க்ரோ ரிங் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். சக்கரத்தின் கூம்பான பகுதியில் இந்த வளையம் முதலில் உரசி, இரு வேகங்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதன் பிறகே பற்கள் ஓசையின்றிப் பூட்டுகின்றன. 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. அதற்கு முன் ஓட்டியவர்கள் கிளட்சை இரண்டு முறை மிதித்து, காதால் கேட்டு, வேகத்தைத் தாமே ஒத்துப்போகச் செய்ய வேண்டியிருந்தது. தான் தேய்ந்து பிறரை இசைவிக்கும் இந்த வளையத்தை உவமையாக்கி ஒரு சொற்பொழிவே நிகழ்த்திவிடலாம். நாம் பேசவந்தது அதுவல்ல.

வளையத்தின் உட்புறத்தில் நூலிழை போன்ற மெல்லிய வரிகள் உண்டு. எண்ணெய்ப் படலத்தை அறுத்து உலோகத்தைப் பற்றிக்கொள்ள அவை உதவுகின்றன. வரிகள் மழுங்க மழுங்க, வளையம் கூம்பில் ஆழமாக இறங்குகிறது. எனவே வளையத்தைக் கூம்பின்மேல் கையால் அழுத்திப் பிடித்து, அதன் பற்களுக்கும் சக்கரத்தின் சிறு பற்களுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்தால் தேய்மானம் தெரிந்துவிடும். சிறு கார்களில் இது புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பாதியாகிவிட்டால் வளையத்தை மாற்ற வேண்டும். அளப்பதற்கு ஃபீலர் கேஜ் என்ற கருவி இருக்கிறது. விசிறி போல விரியும் எஃகுத் தகடுகளின் கட்டு. ஒவ்வொரு தகட்டிலும் அதன் கனம் பொறித்திருக்கும். ஆசிரியரிடம் அது இருந்தது. வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வாங்கியது, ஒரு பிஸ்கட் டப்பாவில் எங்களிடமிருந்து ஒரு முழம் தொலைவில் கிடந்தது. அளக்க இரண்டு நிமிடம் ஆகும்.

இரண்டாம் கியரின் வளையத்தைத் துணியால் துடைத்து விளக்கருகே பிடித்தார். "நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா சுவாமிஜி?" என்றார். உட்புறம் பளபளவென்று மின்னியது. "புதிது போல இருக்கிறதே!" என்றேன் நான். அந்தப் பளபளப்பே வரிகள் மழுங்கியதன் அடையாளம் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். விரலால் உட்புறத்தை ஒருமுறை தடவினார். "புத்தூர்க் கட்டுப் போடுகிறவர்கள் எக்ஸ்ரேயா எடுத்துப் பார்த்தார்கள்? விரல்தானே கண்" என்று சிரித்தார். ஒடிந்த எலும்பைத் தடவியே இனம் கண்டு, இழுத்துப் பொருத்தி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டும் அந்த வைத்தியத்தைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் புத்தூர்ப் பக்கம் வருவது உண்டு. உவமை எனக்குப் பிடித்திருந்தது; நானும் சிரித்தேன். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான எலும்புகளைத் தொட்ட விரல் அது. எங்கள் ஆசிரியரின் விரல் தொட்டிருந்தது நான்கே நான்கு வளையங்களை. உவமைகள் இப்படித்தான், நமக்கு வேண்டிய இடத்தில் வேண்டிய விடையோடு வந்து நிற்கின்றன.

பெட்டியை மூடினார். மறுநாள் அதிகாலையில் அதை வண்டியில் ஏற்றி, முற்பகலில் புறப்படுவது என்று ஏற்பாடு. மகளும் மருமகனும் வந்திருந்தார்கள்; பேரக் குழந்தைக்குத் திருமலையில் முடி இறக்க வேண்டும். வழியில் என்னைத் திருப்பதி ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவதாகப் பேச்சு. ஆகவே அந்தப் பெட்டி அன்றே மூடப்பட வேண்டும் என்பதில் எனக்கும் ஒரு சிறு அக்கறை இருந்தது. "புதிது போல இருக்கிறதே" என்று சொன்ன வாய்க்கும் மறுநாள் ரயிலுக்கும் தொடர்பு இல்லை என்று இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

விடியற்காலை நான்கு மணிக்கு ஜபத்துக்கு எழுந்தபோது கொட்டகையில் விளக்கு எரிந்தது. பெட்டி மறுபடி திறந்து கிடந்தது. ஆசிரியர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். கையில் அந்த எஃகுத் தகடுகள். அரை மில்லிமீட்டர் தகட்டை இடைவெளியில் வைத்துக் காட்டினார். நுழையவில்லை. அதைவிட மெல்லியதைச் செருகினார், இறுக்கமாக நுழைந்தது. மாற்றியே ஆக வேண்டிய வளையம்.

"நேற்றே அளந்திருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு கூசத்தக்க கேள்வி என்று உறைத்தது. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அளந்தால் தெரிந்துவிடும், சுவாமிஜி. அதனால்தான் அளக்கவில்லை."

சில வாரங்களாகவே மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது லேசாகக் கரகரத்ததாம். பனிக்காலம், எண்ணெய் குளிர்ந்து கெட்டியாகியிருக்கிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டாராம். சென்னைக்குச் சொல்லி அனுப்பிய பட்டியலில் பேரிங் எழுதினார், சீல் எழுதினார், வளையம் எழுதவில்லை. "தெரிந்தேதான் செய்தேனா என்று நீங்கள் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். தெரியாமல் செய்தேனா என்று கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன்" என்றார்.

திருமலையிலிருந்து இறங்கும் பாதையை நினைத்தால் இது விளையாட்டல்ல. 1944இல் திறக்கப்பட்ட பழைய மலைப்பாதை இப்போது இறங்குவதற்கும், 1974இல் அமைந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. இறங்கும் பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். சரிவில் வண்டியை அடக்கிப் பிடிப்பது பிரேக் மட்டுமல்ல, தாழ்ந்த கியரும்தான். மூன்றிலிருந்து எடுத்துவிட்டு இரண்டில் போட முயல்கையில் தேய்ந்த வளையம் வேகத்தை ஒத்துப்போகச் செய்யாவிட்டால் கியர் விழாது. வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் சரிவில் வேகம் எடுக்கும். பின்னிருக்கையில் மொட்டை அடித்த குழந்தை தாய் மடியில் உறங்கிக்கொண்டிருக்கும். இரவு பதினோரு மணிக்கு இந்தக் காட்சிதான் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. அறநூல் ஏதும் அவரை எழுப்பவில்லை.

கான்ட் கடினம் என்று சொன்ன புதிருக்கு விடை அந்தப் பிஸ்கட் டப்பாவில் இருந்ததாக எனக்குப் படுகிறது. தன்னை ஏமாற்றிக்கொள்ள ஒருவன் இரண்டு ஆளாகப் பிளக்க வேண்டியதில்லை. பொய்யை உண்மை என்று நம்பவும் வேண்டியதில்லை. உண்மை எந்தத் திசையில் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும், அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்துவிடலாம். ஆசிரியருக்கு அந்த எண் தெரியாது. அந்த எண் எந்த டப்பாவுக்குள் இருக்கிறது என்பது தெரியும். முழுக்கத் தெரியாதவனால் இப்படித் தவிர்க்க முடியாது. எதைத் தொடக்கூடாது என்று அறிய அவனுக்கு வழியில்லை. முழுக்கத் தெரிந்தவனாலும் முடியாது. இரண்டுக்கும் நடுவில், ஒரு முழ இடைவெளியில், கை நீட்டாமல் உட்கார்ந்திருக்கிறவனால் முடியும். சர்க்கரை நோயின் அறிகுறிகளை உணர்ந்தும் இரத்தப் பரிசோதனையை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறவர்களை நாம் பார்க்கவில்லையா? கடைக் கணக்கை நஷ்டம் வந்த ஆண்டில் மட்டும் கூட்டிப் பார்க்காத வணிகர் பொய்க் கணக்கு எதையும் எழுதவில்லை. கணக்கையே எழுதவில்லை, அவ்வளவுதான்.

நம் தத்துவ மரபில் சரியான அறிவைத் தரும் கருவிக்குப் பிரமாணம் என்று பெயர். அளத்தல் என்னும் பொருள்கொண்ட 'மா' என்ற வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. தமிழிலோ இன்னும் வெளிப்படையாக அளவை என்றே சொல்லிவிட்டார்கள். மணிமேகலையும் சிவஞான சித்தியாரும் அளவைகளை எண்ணி வகுத்து விளக்குகின்றன. நிறுத்தலளவையும் முகத்தலளவையும் வழங்கிய அதே சொல்லால் காட்சியையும் அனுமானத்தையும் குறித்தார்கள். தர்க்க வகுப்பில் அளவைகளின் எண்ணிக்கையைப் பற்றி நாங்கள் நீண்ட நேரம் வாதிட்டிருக்கிறோம்: மூன்றா, ஆறா, பத்தா? அளவை கையில் இருந்தும் அதை எடுக்காமல் இருப்பதைப் பற்றி ஒரு நாளும் விவாதித்ததில்லை. அது தர்க்கத்தின் பிழை ஆகாது, ஆகவே தர்க்க நூலில் இடம்பெறாது என்று சொல்லலாம். ஆனால் நம்முடைய அறியாமையில் கணிசமான பகுதி அளவைகளின் குறையால் வருவதன்று, எடுக்காத அளவைகளால் வருவது. மாயை என்ற சொல்லையும் அதே 'மா' வினையடியிலிருந்து வருவிப்போர் உண்டு என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஜாஜலி என்ற தவசியின் கதை வருகிறது. அசையாமல் நின்று தவம் புரிகிறார். பறவைகள் அவர் சடைமுடியில் கூடு கட்டி முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வளர்ந்து பறந்து போகும்வரை அவர் அசையவில்லை. பிறகு தோள் தட்டி, தாம் அறத்தை அடைந்துவிட்டதாக முழங்குகிறார். அப்போது ஒரு குரல், வாராணசியில் உள்ள துலாதாரன் என்ற வணிகன்கூட இவ்வாறு பேசுவதில்லை என்கிறது. ஜாஜலி அங்கே போகிறார். எடைபோட்டு விற்கும் ஒரு சாதாரணக் கடைக்காரனைக் காண்கிறார். தமது தராசு எல்லா உயிர்களுக்கும் ஒரே விதமாக நிற்கிறது என்ற உபதேசத்தை அவனிடம் பெறுகிறார். ஆணவத்தின் கேட்டைச் சொல்லும் கதையாக இதை வழக்கமாக எடுத்துக்கொள்கிறோம். எனக்கு இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. ஜாஜலி பொய் சொல்லவில்லை. பறவை, கூடு, முட்டை எல்லாம் உண்மை. அவர் தம் தகுதியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார், பளபளவென்று இருந்தது. தராசு வைத்திருந்தவன் வேறு ஊரில் இருந்தான்.

கான்டும் ஒரு கடைக்காரரைப் பற்றிப் பேசுகிறார், 1785இல் வெளிவந்த மற்றொரு நூலில். விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் அந்தக் கடைக்காரர் கூடுதல் விலை வாங்குவதில்லை; ஆனால் நேர்மையாய் இருந்தால் வியாபாரம் செழிக்கும் என்பதால் அப்படிச் செய்கிறார் என்றால் அதில் அறத்தின் மதிப்பு என்ன இருக்கிறது என்று கான்ட் கேட்கிறார். நல்ல கேள்வி. ஆனால் வீட்டில் தன் கியர் பெட்டியைத் தானே பூட்டுகிறவனுக்கு இந்தச் சோதனைகூட இல்லை. வாடிக்கையாளர் இல்லை, பெயர் கெடுவதில்லை, கூலி இல்லை. பட்டறையில் என்றால் "பணம் கொடுத்தவர் இதற்குச் சொல்லவில்லை" என்று தப்பிக்கலாம். அல்லது மேலாளர் திறந்து பார்ப்பார் என்று அஞ்சலாம். கொட்டகையில் செய்கிறவனும் அவனே, செய்வித்தவனும் அவனே, மேற்பார்வையும் அவனே. தீமை செய்ய ஒரு தூண்டுதலும் இல்லாத இந்த இடத்தில்தான் அளக்காமல் மூடுவது இவ்வளவு எளிதாக நடந்தது. ஆகவே ஆதாய ஆசைதான் பொய்யின் வேர் என்ற எண்ணத்தை நான் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆசிரியர் அஞ்சியது உண்மைக்கு அன்று. உண்மை தெரிந்த மறுகணமே தம் தலையில் வந்து ஏறும் கடமைக்கு. சென்னைக்கு மறுபடி சொல்லி அனுப்ப வேண்டும், லேத் பட்டறைக்குத் திரும்பப் போக வேண்டும், மகளிடம் சொல்ல வேண்டும், மருமகனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அளவு என்பது வெறும் எண் அன்று. எண்ணோடு கட்டளை ஒன்றும் சேர்ந்தே வருகிறது.

இதை ஓர் அன்பரிடம் சொன்னபோது அவர் மறுத்துரைத்தார். "பணம் இருக்கிறவர் அளக்கலாம், சுவாமிஜி. வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிற ஏழைக்கு அளந்து என்ன ஆகப்போகிறது? மாற்றப் பணம் இல்லை. தெரியாமல் இருந்தால் நிம்மதியாவது மிஞ்சும்." இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். அறியாமை சில நேரம் ஏழையின் ஒரே போர்வை. ஆனால் வளையம் தேய்ந்துவிட்டது என்று அறிந்த ஓட்டுநர் மலை உச்சியிலேயே வண்டியை நிறுத்தி, நின்ற நிலையில் இரண்டாம் கியரைப் போட்டு, அடிவாரம்வரை அதை மாற்றாமல் இறங்கலாம். பழைய லாரி ஓட்டுநர்களைப் போல இருமுறை கிளட்ச் மிதித்துப் பழகலாம். மெதுவாகப் போகலாம். இதில் எதற்கும் பணம் வேண்டாம். வளையம் தேய்ந்தது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. அளக்காதவனுக்கு இந்த வழிகள் இருப்பதே தெரியாது. மேலும், நிம்மதி அவருடையது; பின்னிருக்கை பிறருடையது.

அன்று காலை வீட்டில் சற்று மனத்தாங்கல் ஏற்பட்டது. கைக்குழந்தையோடு பேருந்திலா என்று மருமகன் முகம் சுளித்தார். ஆசிரியர் மனைவி, "மலைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கெல்லாம் சாமி தரிசனம் கொடுக்கவில்லையா?" என்று சொல்லிக்கொண்டே புளியோதரையைக் கட்டினார். ஆசிரியர் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. "வேலை முடியவில்லை, தப்பு என்னுடையது" என்று மட்டும் சொன்னார். எல்லோரும் ஒரே பேருந்தில் திருப்பதி வந்தோம். எனக்கு ரயில் தவறிவிட்டது. அடுத்ததற்கு நாலு மணி நேரம் இருந்தது.

நடைமேடையில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். மூன்று நாட்களாகத் தொடாத அச்சுப்படி. அதில் எழுபத்தாறாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். மூலத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். தமிழில் இனிமையாக ஓடிய பொருளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மற்றது சரியாக இருக்குமோ என்ற ஐயம் பல வாரங்களாக உண்டு. அகராதியும் மூல நூலின் பழைய பதிப்பும் மடத்து அலமாரியில், என் மேசையிலிருந்து எழுந்தால் பத்தடி தொலைவில் இருந்தன. அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை. படிப்பவர்கள் மூலத்தைத் திறந்து ஒப்பிடப் போவதில்லை. அந்த வாக்கியம் அவ்வளவு அழகாக அமைந்திருந்தது.

ரயில் வருவதற்குள் அச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, எழுபத்தாறாம் பக்கத்தை மட்டும் நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டேன்.